டைனமோச் சுருதி

(யாழ்ப்பாணத்தில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கை மாற்றாமல் அச்சிடப்படுகிறது.)



நான் வாய் திறக்கும் முன்னமே மைக் ஒருமுறை கூவிவிட்டது. எல்லோரும் காதைப் பொத்தினீர்கள். ஒலிபெருக்கிக்காரத் தம்பி பதறி ஓடிவந்து குமிழைத் திருகுகிறார். பரவாயில்லை தம்பி, இரும். இன்றைக்கு நான் பேச வந்த விஷயத்துக்கு இதைவிட நல்ல காப்புச் செய்யுள் கிடைக்காது. மைக் வாங்கின சத்தத்தை ஸ்பீக்கர் கொடுக்கிறது; ஸ்பீக்கர் கொடுத்ததை மைக் மறுபடி வாங்குகிறது; அது சுற்றிச் சுற்றி ஒரு சுருதியில் போய் நிற்கிறது. ஒருவரும் பாடவில்லை, கருவி தன்பாட்டில் பாடியது. எங்களுக்கு அது பிழை. அதையே பிடித்து வைத்துக்கொண்டு இசை செய்தவர்களும் இருக்கிறார்கள்.

பேச்சு மாதங்கி அருள்பிரகாசத்தைப் பற்றியது. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்கிறது. இந்த ஊரில் அவர் பெயரை எடுத்தால் கதை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். முதல் கேள்வி, 'ஆற்றை பிள்ளை?' அருளரின் மகள் என்று சொன்னால் போதும். ஈரோஸ் இயக்கம், 'லங்கா ராணி' நாவல், எழுபதுகளின் லண்டன் என்று ஒரு மணித்தியாலம் ஓடிவிடும். அதற்குப் பிறகு புலிப் படம், அமெரிக்க விசா, அவர் சொன்னது சரியா பிழையா. கூட்டம் கலைந்து சைக்கிள் எடுக்கிற நேரத்தில் யாரோ ஒருவர், 'அது சரி, அந்தப் பிள்ளை என்ன பாடுறவ?' என்று கேட்பார். நான் அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். இருபது வருடமாக அவரை வைத்து வழக்காடிவிட்டோம். இருந்து கேட்கத்தான் இல்லை.

1975 ஜூலை 18, லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறப்பு. ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம். இங்கே பள்ளிக்கூடம், இடையில் சிறிது காலம் சென்னை, மறுபடி இங்கே. 1986-இல், பதினொரு வயது நிரம்பச் சில நாட்கள் இருக்கையில், தாயார் கலாவோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டன். அதே 1975-இல்தான் அளவெட்டித் தவில் மேதை தெட்சணாமூர்த்தி கண்ணை மூடினார். இதில் பொருள் ஒன்றும் தேட வேண்டாம். ஆண்டுகளை எழுதிப் பார்த்தபோது பக்கத்தில் பக்கத்தில் வந்தன, சொன்னேன்.

அந்தப் பத்து வருடத்தில் இந்தக் குடாநாட்டில் வளர்ந்த ஒரு பிள்ளையின் காதில் என்னென்ன விழுந்திருக்கும்? கோயில் திருவிழாவுக்குப் பனைமரத்திலோ வேம்பிலோ கட்டின குழாய் ஸ்பீக்கர். அது பாட்டை அப்படியே தராது. அடித்தொனியை விழுங்கிவிட்டு நடுத்தொனியை மட்டும் தகரத்தில் கீறி அனுப்பும். காற்று மாறினால் பாட்டு வந்து வந்து போகும். இரண்டு கோயில்களில் ஒரே இரவு திருவிழா என்றால், நடு ஒழுங்கையில் நிற்கிறவனுக்கு இரண்டு பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கும். அவனுக்கு அது தொல்லை. லண்டனிலும் நியூயோர்க்கிலும் டீஜேக்கள் கூலி வாங்கிக்கொண்டு செய்வது அதைத்தான்.

பிறகு வானொலி. இலங்கை வானொலி வர்த்தக சேவையில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா. இங்கே நரைத்த தலைகள் சிரிக்கின்றன. மூச்சு விடாமல், பாட்டின் முன்னிசை முடிந்து குரல் தொடங்குகிற அந்த மயிரிழைக்குள் தன் சொல்லை முடித்துவிட்டு விலகுகிற வித்தை அவருடையது. யமேக்காவில் 'டீஜே' என்றால் தட்டுச் சுழற்றுகிறவர் இல்லை, ஓடுகிற பாட்டின் மேலே தாளத்தோடு பேசுகிறவர். அவர்கள் அந்தப் பழக்கத்தை அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்களிடம் கேட்டுப் பிடித்தார்கள். அதிலிருந்து ராப் வந்தது. எங்களிடம் ராஜா இருந்தார். அவர் பேச்சிலிருந்து நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, நடித்துக் காட்டிச் சிரித்ததோடு சரி.

இனி என் கதை கொஞ்சம். என் தகப்பனார் றேடியோ திருத்துகிறவர். சந்தியில் எட்டடிக்குப் பத்தடிக் கடை. ஈயம் பற்றவைக்கிற புகையும் வாழைக்குலைக்கடை வாசமும் கலந்த மணம் எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. றேடியோவைத் திறக்காமலே, அது இரைகிற இரைச்சலைக் கேட்டு எந்தக் கப்பாசிற்றர் போய்விட்டது என்று சொல்வார். 1990-இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு கடையில் பெரும்பாலும் ஒரே வேலைதான். சைக்கிள் டைனமோவின் ஆறு வோல்ற்றை நாலு டயோட்டுக்குள்ளால் விட்டு, ஒரு கப்பாசிற்றரில் ஆறவைத்து, றேடியோவுக்கோ கசற் றெக்கோடருக்கோ கொடுப்பது. பற்றரி தடை. கிடைத்த பழைய பற்றரியில் ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டுப் பார்த்தவர்களும், வெயிலில் காயவைத்தவர்களும் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள்.

பெரியம்மாவின் மகன், எங்கள் பெரியண்ணா, சைக்கிளைக் கவிட்டு வைப்பார். இருக்கையும் காண்டிலும் நிலத்தில், சில்லு இரண்டும் வானத்தைப் பார்த்தபடி. நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். 'தளபதி' கசற் ஒன்று, எத்தனையாவது பிரதியோ தெரியாது, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. 'காட்டுக்குயிலு' பாட்டு. கை உளைந்து நான் கொஞ்சம் மெதுவானால் ஜேசுதாசும் பாலசுப்பிரமணியமும் நித்திரைத் தூக்கத்தில் பாடுவார்கள். மேளம் சேற்றுக்குள் நடக்கும். அண்ணா பிடரியில் ஒன்று போட்டவுடன் நான் இறுக்கிச் சுற்ற, இரண்டு பேரும் குழந்தைக் குரலில் ஓடுவார்கள். சுருதி என் மணிக்கட்டில் இருந்தது. அன்றைக்கு அடி வாங்கினேன். பிறகொரு நாள் படித்தேன்: டீஜேக்கள் போற்றுகிற ரெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 என்ற சுழல்தட்டு 1979-இல் வந்தது, அதன் பெருமையே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு தள்ளுகட்டைதான், மேலே எட்டு வீதம், கீழே எட்டு வீதம் என்று. எட்டு வீதம்! எங்கள் டைனமோ பாதிக்குப் பாதி போய் வந்தது.

இதைச் சொல்வது, நாங்கள்தான் எல்லாவற்றையும் முதலில் செய்தோம் என்று மார்தட்ட இல்லை. அந்த வியாதி எங்களுக்கு ஏற்கனவே நிறைய உண்டு. நாங்கள் செய்யவில்லை, நடந்தது, அவ்வளவுதான். கிங்ஸ்ரனில் ஓஸ்போர்ன் ரடொக் என்றொரு றேடியோ திருத்துநர் இருந்தார். என் தகப்பனார் செய்த அதே தொழில். எழுபதுகளில் அவர் ஒரு பாட்டை எடுத்து, பாடகரை மெல்ல வெளியே அனுப்பிவிட்டு, மேளத்தையும் பேஸையும் மட்டும் விட்டு, இடைக்கிடை ஒரு சொல்லை எதிரொலியில் எறிந்தார். கிங் டபி என்று பெயர் வந்தது, 'டப்' என்ற இசை பிறந்தது. கிங்ஸ்ரனில் பிறந்து நியூயோர்க் போன கூல் ஹேர்க், 1973 ஆகஸ்ட் 11, தங்கை வைத்த ஒரு கொண்டாட்டத்தில், இரண்டு சுழல்தட்டுகளில் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, மேளம் மட்டும் வருகிற அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி நீட்டினார். ஹிப் ஹொப் அந்த மேளத்துண்டில் இருந்து எழுந்தது. இரண்டு பேரும் பிழை என்றும் மிச்சம் என்றும் மற்றவர்கள் தள்ளியதை நடுவிலே கொண்டுவந்து வைத்தவர்கள்.

மிச்சம். இந்தச் சொல்லில் ஒரு நிமிடம் நிற்கிறேன். லண்டனுக்குப் போன கலாவின் குடும்பத்துக்கு வீடு கிடைத்த இடத்தின் பெயரும் மிச்சம்தான். தென்மேற்கு லண்டனில், பிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசாங்கக் குடியிருப்புத் தொகுதி. ஆங்கிலேயர் அந்தப் பெயரை எப்படி எழுதினாலும் அங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அது மிச்சம்தான். புது வீட்டில் திருடர் புகுந்து றேடியோவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும், பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன் போடுகிற ஹிப் ஹொப்பைச் சுவருக்குள்ளால் கேட்டுக் கேட்டுப் பழகினதாகவும் மாதங்கி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுவருக்குள்ளால் என்ன கேட்கும்? சொல் வராது. பேஸும் மேளமும்தான் வரும். ஆங்கிலம் வடிவாகப் பிடிபடாத பிள்ளைக்குச் சொல் இல்லாத பாட்டு.

மாதங்கி என்ற பெயரையும் பாருங்கள். கையில் வீணையோடு இருக்கிற சியாமளா என்று படத்தில் கும்பிடுகிறோம். அவளுக்கு இன்னொரு கோலம் உண்டு: உச்சிஷ்ட மாதங்கி. எச்சில் படாத படையலை மற்றத் தெய்வங்கள் கேட்கும். இவள் உண்டு மீந்ததைக் கேட்பவள். இசைக்கும் மிச்சத்துக்கும் ஒரே தெய்வத்தை வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ. 'சாம்பிளிங்' என்று இன்றைய இசைக்காரர் சொல்வது, முன்னமே யாரோ பாடி முடித்த பாட்டில் ஒரு பிடி எடுத்து வேறொன்றோடு குழைப்பது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குழையல். கலியாண வீட்டுக்கு அடுத்த நாள் பழஞ்சோற்றையும் பழங்கறியையும் சேர்த்து ஆச்சி குழைத்து, வரிசையாக நீட்டின கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பார். அந்த ருசி முதல் நாள் பந்தியில் வராது.

சரி, அவர் எப்படி இசைக்கு வந்தார்? வரவில்லை, தவறி விழுந்தார். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது சித்திரமும் திரைப்படமும். 'எலாஸ்டிக்கா' என்ற இசைக்குழுவின் ஜஸ்ரின் ஃபிரிஷ்மன் அவரைத் தன் இறுவட்டுக்கு அட்டைப்படம் செய்யவும், அமெரிக்கப் பயணத்தைப் படம் பிடிக்கவும் கூப்பிட்டார். அந்தப் பயணத்தில் முன்னிசைக்கு வந்தவர் பீச்சஸ் என்ற பெண். மேடையில் தனி ஆள், பக்கத்தில் ஒரு பெட்டி. குழு இல்லை, பக்கவாத்தியம் இல்லை. அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார் என்று மாதங்கியைத் தூண்டியவரும் பீச்சஸ்தான்.

பெட்டியின் பெயர் ரோலண்ட் எம்.சி. 505. 1998-இல் வந்தது. படம் காட்டச் சொல்லியிருந்தேன்... ஆம், இதுதான். கீழ் வரிசையில் பதினாறு அழுத்திகள் தெரிகின்றனவா? ஒரு தாளவட்டத்தைப் பதினாறாகப் பிரித்து, எந்த அடியில் சத்தம் வேண்டுமோ அந்த அழுத்தியை எரியவிடுவது. எரிகிற இடத்தில் அடி விழும், எரியாத இடம் வெறுமை. பெட்டி சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஓடுகிற வண்டியில் சாமான் ஏற்றுவது போல ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஒரே நேரத்தில் 64 குரல்கள் வரை தாங்கும். அதோ மூலையில் இருக்கிற கண்ணாடிக் கண்ணுக்கு மேலே கையை வீசினால் சத்தம் வளையும். கம்பியும் இல்லை, தோலும் இல்லை, காற்றில் கமகம். முன்வரிசைச் சங்கீத ஆசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்தச் சொல்லை அறிந்தே எடுத்தேன்.

இரவல் 505 ஒன்று, பழைய நாலு தடப் பதிவுக் கருவி ஒன்று, ஒரு மைக். இவ்வளவையும் வைத்து ஆறு பாட்டுகளை அறையில் இருந்து செய்தார். ஸ்வரம் எழுதத் தெரியாது, வாத்தியம் வாசிக்கத் தெரியாது. அதில் ஒன்று 'கலாங்'. 2003 கடைசியில் ஒரு சிறு நிறுவனம் 500 இசைத்தட்டுகள் அடித்தது. ஐந்நூறுதான். எங்கள் ஊர்க் கவிதைத் தொகுதிகளும் அவ்வளவுதான் அடிக்கிறோம். அந்த ஐந்நூறும் வாசகர் கைக்குப் போகாமல் டீஜேக்கள் கைக்குப் போனது, அதுதான் வித்தியாசம். இரவு விடுதிகளில் அவர்கள் அதைப் போட, இணையத்தில் அது பரவ, 2004 நடுவில் எக்ஸ்.எல். நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

(இங்கே 'கலாங்' ஒலிக்கவிடப்பட்டது.)

பின்னால் நிற்கிற பிள்ளைகள் ஆடினீர்கள், கண்டேன். முன்வரிசை ஆடவில்லை, ஆனால் கதிரைக்குக் கீழே இரண்டு கால்கள் தட்டின. யாருடையவை என்று சொல்ல மாட்டேன். இந்தப் பாட்டில் மெலடி என்று ஒன்று பெரிதாக இல்லை. பேஸ் ஒரு முரட்டுத் தவளை போலக் கத்துகிறது. மேளம் நொண்டி நடக்கிறது. குரல் சுருதிக்குள் நிற்கவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. சந்தையில் விலை கூறுகிற குரலின் ஏற்ற இறக்கம். பாட்டு முடிகிற இடத்துக்கு வரும்போது சொற்கள் தீர்ந்து, வெறும் கூவல் மட்டும் பல குரலாக எழும்புகிறது. தேர் இருப்பிடத்தை விட்டு அசைகிற அந்தக் கணத்தில் வடத்தில் நிற்கிற சனம் எழுப்புகிற சத்தத்தை நினைத்துப் பாருங்கள். அவர் அதை நினைத்துத்தான் செய்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கு அப்படிக் கேட்கிறது.

எனக்குச் சங்கீதம் படிப்பித்த ரீச்சர், இப்போது உயிரோடு இல்லை, இதைக் கேட்டிருந்தால் 'ஒன்றையே திருப்பித் திருப்பி அடிக்கிறது என்ன தம்பி இசை?' என்றிருப்பார். நியாயமான கேள்வி. தெட்சணாமூர்த்தியின் தவிலில் ஒரு கணக்கு இரண்டாம் முறை வராது. வந்தால் வேறு உருவத்தில் வரும். அது மூளையும் விரலும் சேர்ந்து விளையாடுகிற இடம். இது வேறு. உடுக்கடிக்கிறவர் கணக்குப் போட்டு மாற்றுவதில்லை. ஒரே அடி, ஒரே அடி, ஒரே அடி. முன்னால் நிற்கிற மனிசிக்குக் கண் செருகும், தோள் குலுங்கும். மாறாமல் வருவதால்தான் உரு வருகிறது. இரண்டும் எங்கள் கோயிலுக்குள்ளேதான் இருந்தன. ஒன்றுக்குப் பொன்னாடையும் பட்டமும் கொடுத்தோம். மற்றதைச் சங்கீதம் என்று எழுதவே இல்லை.

2005 மார்ச்சில் முதல் இறுவட்டு 'அருளர்'. பிரிட்டனின் மெர்க்குரிப் பரிசுக்கான குறும்பட்டியலில் வந்தது. அதற்கு முதல் வருடம் டிப்ளோ என்ற அமெரிக்க டீஜேயோடு சேர்ந்து ஒரு கலவைப் பதிவு வெளியிட்டார். மற்றவர்கள் பாட்டுகளை உரிமை கேளாமல் வெட்டி ஒட்டிக் கையால் கொடுத்தது. இரண்டாவது இறுவட்டு 2007-இல், தாயின் பெயரில் 'கலா'. மூன்றாவது 2010-இல் 'மாயா', நாலாவது 2013-இல் 'மாதங்கி'. வரிசையாக அடுக்கி வைத்தால் விதானையார் பார்க்கிற குடும்ப அட்டை போல இருக்கும்.

நான் நேரம் செலவழிக்க விரும்புவது 'கலா'வில். அதைப் பெரிய அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு செய்வதாகத் திட்டம். 2006-இல் அமெரிக்கா விசா மறுத்தது. சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தியா, ரினிடாட், லைபீரியா, யமேக்கா, அவுஸ்திரேலியா, யப்பான் என்று அலைந்தார். அவுஸ்திரேலியாவில் ஒரு பாட்டுக்குப் பழங்குடிச் சிறுவர்களின் ராப். சென்னையில் உறுமிமேளம்.

உறுமியை எத்தனை பேர் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்? இரண்டு முகம், நடு இடுங்கின உடல். வலது முகத்தை அடிப்பார்கள். இடது முகத்தை அடிப்பதில்லை. வளைந்த குச்சியால் தோலில் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க மாடு முனகுவது போல ஒரு சத்தம் கீழிருந்து வளைந்து மேலே ஏறும். அடி விழுந்து முடிந்த பிறகும் தொனி நகர்ந்துகொண்டே இருக்கும். இன்றைய மின்னணு இசையில் பேஸை இப்படி வழுக்கவைக்கத்தான் அத்தனை குமிழ்களும். மாதங்கியும், லண்டன் தயாரிப்பாளர் சுவிச்சும், அந்த உறுமியைக் கணினிக்குள் கொண்டுபோய் அதன் முரட்டுத்தனத்தை அரத்தால் அராவாமல் அப்படியே விட்டார்கள். 'பேர்ட் ஃப்ளூ', 'பொய்ஸ்' இரண்டு பாட்டிலும் அதைக் கேட்கலாம். மனிதன் அடிக்கிற மேளம் உற்சாகத்தில் வேகம் பிடிக்கும், இயந்திரம் பிடிக்காது. 'பேர்ட் ஃப்ளூ'வில் இந்த இரண்டுக்கும் நடக்கிற இழுபறிதான் பாட்டு. மேளம் எந்த நிமிடமும் பாட்டை விட்டுவிட்டு ஓடிவிடும் போல இருக்கிறது.

உறுமி எங்கள் ஊர் மேளம் இல்லை. எங்களிடம் பறை இருந்தது. எங்கே இருந்தது? செத்தவீட்டுப் படலைக்கு வெளியே. அடித்தவருக்குத் தேத்தண்ணீர் சிரட்டையிலோ தகரக் குவளையிலோ கொடுத்தோம். இதைச் சொல்லும்போது இந்த மண்டபம் அமைதியாவது எனக்குத் தெரிகிறது. தவிலுக்கு உள்வீதி, பறைக்கு ஒழுங்கை முடக்கு. காதுக்கும் சாதி வைத்திருந்தோம். லண்டனில் வளர்ந்த பெண் ஒருத்தி, எது உள்வீதி எது வெளிவீதி என்று பழக்கப்படாத காதோடு வந்து, தோல் முனகுகிற சத்தத்தைப் பாட்டின் முகப்பில் வைத்தாள். அறியாமையிலும் சில நன்மை உண்டு. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்டு ஆடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் எம்.ஐ.ஏ.யைத் தெரியும், உறுமி அடித்தவர்களின் பெயரைச் சொல்லுகிற ஒரு பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. குழையலில் யாருடைய கறி எது என்பது மறைந்துபோகிறது. இந்தக் கலையோடு கூடப் பிறந்த பழி அது.

'கலா'வின் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. 2007-இல் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்து, காதுக்குள் செருகிக்கொண்டு கேட்டேன். சில விநாடியில் எழும்பி நின்றுவிட்டேன். 'காட்டுக்குயிலு'. இளையராஜாவின் அந்தப் பாட்டில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சுற்ற விட்டிருந்தார். திருத்தமான வேகம், அசையாத சுருதி. என் வலது கை தானாகப் பெடல் சுற்றத் தொடங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், 'என்ன ஐசே, வலிப்போ?' என்றார்.

அதே இறுவட்டில் 'ஜிம்மி' என்பது 1982-இல் வந்த ஹிந்திப் படம் 'டிஸ்கோ டான்சர்' பாட்டின் மறுபிறப்பு. சிறுமியாக இருந்தபோது கொண்டாட்டங்களில் தான் ஆடிய பாட்டு என்று சொல்லியிருக்கிறார். ஒரு இரவுக்கு டெக் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கைச் சனம் எல்லாம் முற்றத்தில் பாய் போட்டு மூன்று படம் பார்த்த காலத்துப் பாட்டு.

'பேப்பர் பிளேன்ஸ்' எல்லோரும் அறிந்தது, விரைவாகப் போகிறேன். 'த கிளாஷ்' குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் சுருள், அதன்மேல் துவக்குச் சத்தம், காசுப்பெட்டி திறக்கிற சத்தம். குடிவரவுக்காரர் என்றாலே காசு பறிக்க வந்தவர் என்கிற பார்வையை அதன் வாயாலேயே பாடிக் கேலி செய்தது. எம்.ரி.வி. அந்தத் துவக்குச் சத்தங்களை மாற்றி ஒலிபரப்பியது. 2008-இல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் நாலாவது இடம். 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் வந்தது. அதே படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மானோடு செய்த 'ஓ சாயா' ஒஸ்கார் பரிந்துரை பெற்றது.

2009 பெப்ரவரி 8, கிராமி விழா. நிறைமாத வயிறு, அன்றைக்குத்தான் பிள்ளை பிறப்பதாக நாள் குறித்திருந்தது. ஜே சீ, ரி.ஐ., கன்யே வெஸ்ற், லில் வேய்ன் நால்வரோடு மேடையில் நின்று பாடினார். மூன்று நாளில் மகன் பிறந்தான். உலகம் அந்த வயிற்றைப் பற்றி எழுதியது. அந்தப் பெப்ரவரியில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இந்த மண்டபத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. அவர் கிடைத்த மைக்கில் எல்லாம் அதைச் சொன்னார். பாடகிக்கு இது எதற்கு என்றார்கள். எம்.ஐ.ஏ. என்ற மூன்று எழுத்துக்குப் போர்க்களத்தில் காணாமற்போனவர் என்று பொருள். லண்டனில் தான் இருந்த ஆக்ரன் என்ற இடத்தையும் அதற்குள் வைத்துச் சொற்சிலம்பம் ஆடியிருந்தார். எங்கள் ஊரில் அந்த மூன்று எழுத்துக்கு உரிய படங்களைத் தாய்மார் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிறார்கள். இதற்குமேல் இதில் நான் பேசவில்லை.

2010-இல் வந்த 'மாயா'வைப் பலர் திட்டினார்கள். ஒரு பாட்டு துளைக்கிற இயந்திரத்தின் இரைச்சலோடு தொடங்குகிறது. 'போர்ன் ஃப்ரீ' என்ற பாட்டு 'சூசைட்' என்ற நியூயோர்க் இரட்டையரின் 1977-ஆம் ஆண்டுப் பாட்டை எடுத்து இன்னும் அழுக்காக்கியது. எனக்கு அவருடைய ஆகத் துணிச்சலான வேலை இதுதான். வெற்றி வந்த கையோடு இன்னொரு 'பேப்பர் பிளேன்ஸ்' செய்திருந்தால் வீடும் வளவும் வாங்கியிருக்கலாம். அவர் காதைக் கிழித்தார். என் தகப்பனார் கேட்டிருந்தால், 'இதில் இரண்டு கப்பாசிற்றர் போட்டுது' என்றிருப்பார். ஆனால் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்.

பிறகு வந்தவை எல்லாம் அந்த உயரத்தில் இல்லை. 'ஏ.ஐ.எம்.' 2016, 'மாதா' 2022. இடையில் தடுப்பூசி பற்றி அவர் சொன்னவை எனக்கு ஏற்புடையவை இல்லை. அவரது இசையைக் காதலிக்கிறவன் அவர் சொல்லுவதை எல்லாம் சுமக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் பிரிட்டன் அவருக்கு எம்.பி.ஈ. விருது அறிவித்தது. அரசியின் விருதை வாங்கலாமா என்று எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். அவர் சொன்ன காரணம்: அம்மா பல வருடமாக அரச பதக்கங்களைக் கையால் தைத்துப் பிழைத்தவர், ஆயிரக்கணக்கில் தைத்தவர், அவருக்காக வாங்குகிறேன் என்று. தமிழ் அகதி மனிசி ஒருத்தி மேசை விளக்கின் கீழே ஊசி கோர்த்துப் பிறர் நெஞ்சுக்காகத் தைத்துக் கொடுத்தது, முப்பது வருடம் சுற்றி மகளின் நெஞ்சில் வந்து குத்தியது. மைக்கும் ஸ்பீக்கரும் போல.

பிந்தி வந்தவர்களையும் கேளுங்கள். சுவிற்சலாந்தில் வளர்ந்த பிரியா ரகு 2021-இல் ஒரு பாட்டுத் தொகுதி வெளியிட்டார். அதற்கு இசை செய்த அவரது சகோதரன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஜஃப்னா கோல்ட்'. ரொறன்ரோவில் ஷான் வின்சென்ற் டி போல் மிருதங்கத்தின் மேலே ராப் செய்கிறார், யன்சன் வாசிக்கிறார். அதற்கும் முன்னால் எங்கள் உரும்பிராய் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியபோது பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது அதே பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் கலியாண வீட்டில் அதற்கு ஆடுகிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையும் கலாவித்தகர் பட்டமும் இருக்கட்டும். நானும் நாலாம் தரம் வரை எழுதினவன். மருதனார்மடத்தில் பிள்ளைகள் வீணையும் வயலினும் படிக்கிற கட்டடத்தில், ஓர் அறையில், ஒரு மேசையில், இந்தப் பதினாறு அழுத்திப் பெட்டி ஒன்றும் கிடந்தால் என்ன என்று கேட்கிறேன். பக்கத்தில் ஒரு பறை. படிப்பிக்க ஆள் தேவையில்லை, கதவைத் திறந்து விட்டால் போதும். பெடியங்கள் தொட்டுப் பார்ப்பார்கள்.

தலைவர் மணியைத் தொடுகிறார். முடிக்கிறேன். 'பேர்ட் ஃப்ளூ' இன்னும் போடவில்லை. தம்பி, இந்தப் பெட்டி ஸ்பீக்கரில் வேண்டாம், வெளியே வேம்பில் கட்டியிருக்கிற குழாய்க்கு மாற்றும். சத்தத்தைக் கூட்டும். இன்னும். கூவினால் கூவட்டும்.